கல்லும் வழியும்

திண்டுக்கல் நகரின் மேற்புறத்தே, மரம் செறியாத பெரும்பாறை ஒன்று சமவெளியினின்று தனித்து எழுந்து நிற்கின்றது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது சாய்ந்து கொள்ள இட்டதொரு திண்டு போலத் தோன்றும். அதனாலேயே ஊருக்குத் திண்டுக்கல் என்னும் பெயர் வாய்த்தது என்பர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் அப்பாறையின்மேல் கோட்டை எழுப்பத் தொடங்கினர். பகைவர் வரவைக் காண்பதற்கு அக்கோட்டை உதவியது. ஆனால், வாளும் வேலும் ஏந்தாத வண்டிக்காரர்க்கும் நடந்து செல்வோர்க்கும் அப்பாறை வேறொரு வகையில் உதவி வந்தது. வறண்ட வெளியில் நெடுந்தொலைவு வந்து களைத்தவர்களின் கண்ணில் அப்பாறை தென்பட்டவுடனே, 'ஊர் அண்மித்தது' என்று அவர்தம் உள்ளம் தேறும். இயற்கை நட்டு வைத்த மைல்கல் அது எனலாம்.

எல்லா ஊர்களுக்கும் இத்தகைய பாறை வாய்ப்பதில்லை. ஆகவே, மனிதன் தானே கல்லை நட்டான். அதன்மேல் ஊரின் பெயரைப் பொறித்தான். தொலைவையும் எண்ணால் குறித்தான். திண்டுக்கல்லைச் சூழ்ந்த சாலைகளின் ஓரத்தே இன்றும் அத்தகைய கற்கள் நிற்கின்றன. பள்ளிக்குச் செல்லும் சிறுவர் அவற்றின்மேல் அமர்ந்து இளைப்பாறுவர். ஆடு மேய்ப்போர் அவற்றில் முதுகைச் சாய்த்துக்கொள்வர். ஆயினும், அக்கல்லில் எழுதிய எண் சிறியதோர் உறுதிமொழி என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 'இவ்வழியே சென்றால், இத்தனை தொலைவில், இந்த ஊரை நீ அடையலாம்' என்று அக்கல் வழிப்போக்கனுக்கு வாக்குக் கொடுக்கின்றது. அவ்வாக்கு நிறைவேற வேண்டுமானால் வழி அறுபடாமல் இருத்தல் வேண்டும் அன்றோ?

திண்டுக்கல்லில் நிற்கும் கல்லின் வாக்கு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை அறிவதற்கு, முதலில் அவ்வூரின் நில அமைப்பை அறிந்துகொள்ளுதல் நலம். நகருக்குக் கிழக்கே தென்புறமாகச் சிறுமலை நிற்கின்றது. மேற்கே பழனி மலைத் தொடர் நீண்டு உயர்ந்து கிடக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே சமவெளி ஒரு வாயில்போலத் திறந்துள்ளது. வடக்கே கரூரிலிருந்து மதுரைக்குச் செல்ல விரும்புவோர், மலையேறி இறங்கும் துன்பமின்றி இவ்வாயில் வழியே செல்லலாம். படைகளும் வணிகப் பொதிகளும் இவ்வழியையே நாடின. 1875ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை இட்டவர்களும் இவ்வாயிலையே தேர்ந்தனர். வழி என்பது மனிதன் விரும்பிய இடத்தில் அமைவதன்று. நிலம் இசைந்து இடம் கொடுத்த இடத்தில் அமைவதாகும்.

இச்சமவெளி மழை மிகுதியாகப் பெறாதது. கொடகனாறு வடக்கு நோக்கி ஓடி அமராவதியுடன் கலக்கின்றது. ஆயினும், ஆண்டில் பல மாதங்கள் அதில் மணலே மிகுதியாகக் காணப்படும். புகையிலை, நிலக்கடலை, சோளம் ஆகியவை இம்மண்ணில் விளைவன. ஒட்டன்சத்திரத்துக் காய்கறிகளும், நிலக்கோட்டைப் பூக்களும், சின்னாளப்பட்டிச் சேலைகளும், திண்டுக்கல்லில் செய்த பூட்டுகளும் சாலை வழியாகவே வெளியூர் செல்கின்றன. எனவே, இங்குள்ளோர்க்குச் சாலை வாழ்வோடு பிணைந்த ஒன்று. சந்தைக்கு உரிய நேரத்தில் சென்று சேராத தக்காளியும் மல்லிகையும் விலைபோகாமல் வீணாகும். தொலைவை அறிதல் அவர்களுக்குப் பொழுதுபோக்கன்று; பிழைப்பிற்கு வேண்டிய கணக்கு.

தொலைவைக் கணக்கிடும் கலை தமிழ்நாட்டில் பழைமையானது. முற்காலத்தில் நெடுந்தொலைவைக் காதம் என்னும் அளவால் குறித்தனர். நெடுஞ்சாலையைப் 'பெருவழி' என்றனர். திண்டுக்கல்லுக்கு வடக்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தருமபுரிப் பகுதியில், 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக் கற்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அதியமான் பெருவழி என்னும் சாலையில் நடப்பட்டவை அவை. அவற்றுள் ஒரு கல், நாவல் தாவளம் என்னும் இடத்திற்கு அங்கிருந்து 29 காதம் என்று கூறுகின்றது. தாவளம் என்பது வணிகர் தங்கும் இடமாகும். அரசனின் அரண்மனைக்கு எவ்வளவு தொலைவு என்று சொல்லாமல், பொதி சுமந்து வருவோர் தங்கும் இடத்திற்கு எவ்வளவு தொலைவு என்று அக்கல் சொல்வது கருதத்தக்கது. அது யாருக்காக நடப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

அக்கல்லில் இன்னுமொரு சிறப்பு உண்டு. 29 என்னும் தொகை எழுத்தால் மட்டும் குறிக்கப்படவில்லை. பெரிய குழிகள் இரண்டும் சிறிய குழிகள் ஒன்பதும் கல்லிலே குடையப்பட்டுள்ளன. பெரிய குழி ஒன்று பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்று ஒன்றைக் குறிக்கும். எழுதப் படிக்க அறியாத வண்டிக்காரன் குழிகளைக் கண்ணால் எண்ணித் தொலைவை அறிவான். நிலவில்லா இரவிலும் விரலால் தடவிப் பார்த்து அறியலாம். கற்றவர்க்கு எழுத்து, கல்லாதவர்க்குக் குழி என இருவர்க்கும் ஒரே கல்லில் விடை வைத்த அறிவுடைமையும் அருளும் போற்றத்தக்கவை.

தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் மற்றொரு வகைக் கல்லும் உண்டு. இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பர். அதற்குச் சுமைதாங்கிக் கல் என்று பெயர். தலைச்சுமையுடன் தனியே நடந்து வருபவர், பிறர் துணையின்றித் தம் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாறுவர். பின்னர்த் தாமே அதனைத் தலைக்கு மாற்றிக்கொள்வர். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இக்கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. சுமையை இறக்காமலே சென்றவளின் பெயரால், பிறர் சுமையை இறக்க ஒரு கல் நிற்கின்றது. காதக்கல் வழியின் அளவைச் சொல்லும். சுமைதாங்கி வழியின் துன்பத்தைத் தணிக்கும். இரண்டும் ஒருவர் மற்றவருக்காக நட்டவையே.

பிற நாட்டினரும் இவ்வாறே கல் நட்டனர். உரோமர் தம் பேரரசின் சாலைகளில் ஆயிரம் இரட்டை அடிகளுக்கு ஒரு கல் வீதம் நிறுத்தினர். ஆயிரம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே 'மைல்' என்னும் சொல் பிறந்தது. வடஇந்தியாவில் மொகலாய மன்னர்கள் 'கோசு' என்னும் அளவுக்கு ஒன்றாக உயர்ந்த தூண்களைக் கட்டினர். டில்லி, ஆக்ரா ஆகிய நகரங்களின் அருகே அத்தூண்கள் சில இன்றும் நிற்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நாட்டுச் சாலைகளில் மைல்கற்கள் நடப்பட்டன. விடுதலைக்குப் பின்னர், 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் மெட்ரிக் அளவு முறை வந்தது. படிப்படியாக மைல்கற்கள் கிலோமீட்டர் கற்களாக மாறின. ஒரு மைல் என்பது ஏறத்தாழ 1.6 கிலோமீட்டராகும். கல் மாறிய பின்னும் மக்கள் நாவில் 'மைல்கல்' என்னும் பெயர் மாறவில்லை.

இக்காலக் கற்களுக்கு நிறமும் ஒரு மொழியாகும். தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் அது தேசிய நெடுஞ்சாலை. பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும் கல் மற்றவற்றினும் பெரிதாக இருக்கும். கற்களுக்கு நடுவே இருநூறு மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கற்களும் உண்டு. ஊர்தி பழுதுபட்டு நின்றவரும், விபத்துக்கு உதவி கோருவோரும் தாம் நிற்கும் இடத்தை இக்கற்களின் எண்ணைக் கொண்டு திருத்தமாகச் சொல்ல இயலும். சாலையைச் செப்பனிடுவோர்க்கும் இவ்வெண்களே முகவரியாகும். 'இன்ன கல்லுக்கும் இன்ன கல்லுக்கும் இடையே பள்ளம்' என்று குறித்துக்கொண்டு, ஜல்லியும் தாரும் ஏற்றிச் சென்று அவர்கள் வேலையைத் தொடங்குவர்.

திண்டுக்கல் வழியாக வடக்கு தெற்காகச் செல்லும் பெருஞ்சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 எனப்பட்டது. அது வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்தது. 2010ஆம் ஆண்டில் நாட்டின் நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் இடப்பட்டபோது, இப்பகுதி தேசிய நெடுஞ்சாலை 44இன் கூறாயிற்று. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அச்சாலையே இந்தியாவின் மிக நீண்ட நெடுஞ்சாலையாகும். கோயம்புத்தூரிலிருந்து பழனி, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 83 அதனைத் திண்டுக்கல்லில் சந்திக்கின்றது. ஆகவே, நாற்றிசை வழியும் கூடும் சந்தியாக இவ்வூர் விளங்குகின்றது.

இந்நெடுஞ்சாலைக்கு மூன்றாவது பெயரும் உண்டு என்பதைப் பலர் அறியார். ஆசிய நாடுகளைச் சாலைகளால் இணைக்க வேண்டும் என்னும் எண்ணம் ஐக்கிய நாடுகள் அவையின் ஆசியப் பொருளாதார ஆணையத்தில் எழுந்தது. 1959ஆம் ஆண்டில் அதற்குரிய திட்டம் தொடங்கப்பட்டது. பல்லாண்டு முயற்சிக்குப் பின்னர், 2003ஆம் ஆண்டில் உடன்படிக்கை உருவாகி, 2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. 32 நாடுகளின் ஊடே 1,40,000 கிலோமீட்டருக்கு மேல் பரந்துள்ள சாலைகளுக்கு ஆசிய நெடுஞ்சாலை என்னும் பொதுப் பெயரும் தனித்தனி எண்களும் இடப்பட்டன. புதிதாக அமைத்தவை அவற்றுள் சிலவே. அந்தந்த நாட்டில் முன்பே இருந்த சாலைகளை ஒன்றோடொன்று தொடுத்ததே பெரும்பகுதி. பூக்கள் பல நாட்டினுடையவை. நார் ஒன்று என்று கொள்ளலாம்.

ஆசிய நெடுஞ்சாலை 43 என்பது ஆக்ராவில் தொடங்கி, குவாலியர், நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு, கிருஷ்ணகிரி வழியாகத் தெற்கே வந்து, திண்டுக்கல் சமவெளியைக் கடந்து மதுரையை அடைகின்றது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் சென்று, கடலுக்கு அப்பால் இலங்கையின் தலைமன்னாரில் மீண்டும் தொடங்கி, அத்தீவின் தென்கரையிலுள்ள மாத்தறையில் முடிகின்றது. வடக்கே ஆக்ராவில் அது ஆசிய நெடுஞ்சாலை 1இனைத் தொடுகின்றது. அச்சாலையோ கிழக்கே டோக்கியோவிலிருந்து புறப்பட்டு, மேற்கே டில்லி, இலாகூர், பெஷாவர், காபூல், காந்தகார், ஹெராத், டெஹ்ரான், அங்காரா ஆகிய நகரங்கள் வழியாக இஸ்தான்புல் சென்று, துருக்கிக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட எல்லையில் ஐரோப்பியச் சாலைகளோடு கலக்கின்றது. எனவே, இஸ்தான்புல்லில் ஆசியக் கரையிலே காலடி வைக்கும் ஒருவர், 8,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தால் திண்டுக்கல் பாறையைக் காணலாம். படத்தின்படி வழி உண்டு.

படத்தில் உள்ள வழியில் மனிதர் உண்மையிலேயே சென்றனரா? சென்றனர். 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மாணவர் அறுவர், 'லேண்ட் ரோவர்' ஊர்திகள் இரண்டில் இலண்டனிலிருந்து சிங்கப்பூரை நோக்கிப் புறப்பட்டனர். ஐரோப்பாவையும் மேற்காசியாவையும் இந்தியாவையும் கடந்து, 1956ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் அவர்கள் சிங்கப்பூரை அடைந்தனர். ஆறு திங்களுக்குச் சற்று மேற்பட்ட அப்பயணத்தில் அவர்கள் எதிர்கொண்ட கடினமான பகுதிகளுள் ஒன்று அசாமிலிருந்து பர்மாவுக்குச் செல்லும் லீடோ சாலை. இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கானோர் உழைப்பாலும் பலர் உயிராலும் அமைந்த சாலை அது. போர் முடிந்து பத்தாண்டுகள் கழிவதற்குள், பேணுவாரின்மையால் காடு அதனை மூடத் தொடங்கியிருந்தது. பாலங்கள் பல இடிந்து போயிருந்தன. சாலையை அமைப்பது ஒரு காலத்து வேலை. அதனைக் காப்பதோ எக்காலத்திற்கும் உரிய வேலை.

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், இலண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பயணிகள் பேருந்து ஒன்று முதன்முறையாகப் புறப்பட்டது. 'இந்தியாமேன்' என்பது அதன் பெயர். இருபது பயணிகளை ஏற்றிக்கொண்டு, பிரான்சு, இத்தாலி, யூகோஸ்லாவியா, பல்கேரியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து, ஜூன் 5ஆம் நாள் அது கல்கத்தா சேர்ந்தது. ஏறத்தாழ ஐம்பது நாட்கள் ஆயின. அக்காலத்தில் இஸ்தான்புல்லில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் நீரிணைக்குமேல் பாலம் இல்லை. ஊர்திகளைப் படகில் ஏற்றியே அக்கரை சேர்த்தனர். முதற்பாலம் 1973ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஒரு கண்டத்தை விட்டு மற்றொரு கண்டத்தில் இறங்கும் அப்படகுத்துறை, அப்பயணிகளுக்குப் பெரியதொரு மைல்கல்லாக இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

இத்தகைய நெடும்பயணத்தில் மைல்கல்லை அடைதல் என்பது வெறும் மகிழ்ச்சி மட்டுமன்று. அது கணக்குப் பார்க்கும் இடமுமாகும். சென்ற தொலைவு எவ்வளவு? எஞ்சிய தொலைவு எவ்வளவு? கையிலுள்ள நீரும் எரிபொருளும் அதற்குப் போதுமா? சக்கரங்கள் தாங்குமா? மலைக் கணவாய்களைப் பனி மூடுமுன் கடந்துவிட இயலுமா? இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து, நெடுவழியைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்பவரே ஊர் போய்ச் சேர்வர். எண்ணாயிரம் கிலோமீட்டரை ஒரே நாளில் எண்ணிக் கலங்குபவர் வாயிற்படியையும் தாண்டார். இன்று மாலைக்குள் அடைய வேண்டிய கல் எது என்று எண்ணுபவருக்கு வழி எளிதாகும்.

ஊர்தி மட்டும் இருந்தால் போதாது. உரிமைச் சீட்டுகளும் வேண்டும். ஒவ்வொரு நாட்டின் எல்லையிலும் கடவுச்சீட்டையும் நுழைவு இசைவையும் காட்டுதல் வேண்டும். ஊர்தியை அந்நாட்டிலே விற்றுவிடாமல் திரும்பக் கொண்டு செல்வதாகச் சுங்கத்தாருக்கு உறுதி கூறும் பத்திரமும் வேண்டும். பிற நாட்டில் ஊர்தி ஓட்டுவதற்குரிய அனுமதிச் சீட்டுக்கு, 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை வழிவகுத்தது. சாலை விதிகளும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் ஊர்திகள் சாலையின் இடப்புறம் செல்லும். கைபர் கணவாயைக் கடந்து ஆப்கானிஸ்தானில் நுழைந்தவுடன் வலப்புறம் செல்லவேண்டும். எல்லைக்கோட்டில் அதனை மறந்தவர், எதிரே வரும் ஊர்தியால் நினைவூட்டப்படுவர்!

மேற்கூறிய இரு பயணங்களும் வடஇந்தியச் சமவெளியோடு கிழக்கே சென்றன. இலங்கையை நாடித் தெற்கே திரும்புவோருக்குத் திண்டுக்கல் சமவெளியும் மதுரையும் வழியில் அமைந்தவை. மதுரையைக் கடந்து கீழ்த்திசையில் சென்றால் நிலம் குறுகிக் கடல் தோன்றும். 1914ஆம் ஆண்டு பாம்பன் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் புகைவண்டி தனுஷ்கோடி வரை சென்றது; அங்கே பயணிகள் நீராவிக் கப்பலில் ஏறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னாரில் இறங்கினர்; அங்கே மற்றொரு புகைவண்டி அவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றது. தேயிலைத் தோட்டங்களுக்கு வேலை தேடிச் சென்ற தமிழ்த் தொழிலாளரும், வணிகரும், மாணவரும் அவ்வழியே சென்று வந்தனர்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊருக்கு அருகே வந்துகொண்டிருந்த புகைவண்டி ஒன்று பயணிகளோடு கடலில் மூழ்கியது. துறைமுகமும் நிலையமும் அஞ்சலகமும் இடிபாடுகளாயின. பின்னர் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் சென்று வந்தது. 1980களில் இலங்கையில் மூண்ட போரினால் அதுவும் நின்றது. இயற்கை அறுத்த வழியை மனிதன் மீண்டும் முடிந்தான். மனிதன் அறுத்தபோதோ நெடுங்காலம் அது முடிச்சின்றிக் கிடந்தது.

வடமேற்கிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டில் ஈரானில் புரட்சி எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் சோவியத்துப் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்தன. இலண்டனிலிருந்து இந்தியாவுக்குத் தரைவழியே பேருந்துகள் வந்துகொண்டிருந்த காலம் அத்துடன் முடிவுற்றது. சாலை அழிந்துவிடவில்லை, கற்களும் பெயர்த்தெறியப்படவில்லை. ஆனால், அவற்றின்மேல் எழுதிய எண்கள் தம் வாக்கைக் காக்க இயலாமற் போயின. 2019ஆம் ஆண்டில், முன்னர்ச் சிங்கப்பூர் சென்ற ஊர்திகளுள் ஒன்றான 'ஆக்ஸ்போர்டு', 64 ஆண்டுகளுக்குப் பின்பு சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குத் திரும்பிச் சென்றது. முதுமையுற்ற அவ்வூர்தி பழைய வழியே செல்லவில்லை; நேபாளம், திபெத்து, மத்திய ஆசியா எனச் சுற்றிக்கொண்டே ஊர் சேர்ந்தது. ஊர்தி உரமாக இருந்தது. வழி உரமாக இல்லை.

ஆயினும், நம்பிக்கை இழப்பதற்கு இடமில்லை. 1988ஆம் ஆண்டில் பாம்பன் கடல்மேல் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்குமுன் இராமேசுவரத் தீவுக்கு ஊர்திகள் தாமே ஓடிச் செல்ல இயலாது. 2017ஆம் ஆண்டில் தனுஷ்கோடியின் இடிபாடுகளைத் தாண்டி, நிலத்தின் முனையாகிய அரிச்சல்முனை வரை சாலை அமைந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024ஆம் ஆண்டில் மீண்டும் சென்றது. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து அத்துறைக்குச் செல்பவர் திண்டுக்கல் சந்தியைக் கடந்தும் செல்லலாம். ஒரு வழி மூடினால் மற்றொரு வழியை நாடுவது மனித இயல்பு.

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது காந்திகிராமம். 1947ஆம் ஆண்டில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் சிற்றூர் மக்களின் கல்விக்கும் நலத்துக்கும் அதனை நிறுவினர். காந்தியடிகள் நெடுவழி நடந்தவர். 1930ஆம் ஆண்டில் சபர்மதியிலிருந்து தண்டிக் கடற்கரை வரை, ஏறத்தாழ 385 கிலோமீட்டரை 24 நாட்களில் நடந்து முடித்தார். ஒவ்வொரு நாளும் இன்ன ஊர் வரை என்று வகுத்துக்கொண்டே அவர் நடந்தார். அவருடைய நடையில் ஒவ்வோர் ஊரும் ஒரு மைல்கல்லாயிற்று. அவ்வூர் மக்களின் அன்பு அடுத்த ஊருக்குச் செல்லும் வலிமையாயிற்று.

நெடுவழிச் செல்வோர் அனைவர்க்கும் இது பொருந்தும். எந்த ஊர்தியும் தன் சக்கரத்தால் மட்டும் கண்டம் விட்டுக் கண்டம் செல்வதில்லை. பாலைவனத்தில் நீர் தந்தவர், பனியில் இடம் தந்தவர், அச்சு முறிந்தபோது சம்மட்டி எடுத்து வந்த கொல்லர், மொழி தெரியாதபோதும் கைநீட்டி வழி காட்டிய சிறுவர் ஆகிய இவர்களாலேயே பயணம் முன்னேறுகின்றது. பயணி தன் மைல்கல்லை அடையும்போது, அதனை நட்டவரும், அதற்கு வழி சமைத்தவரும், அவ்வழியைத் திறந்து வைத்திருப்பவரும் அவ்வெற்றியில் பங்குடையவர் ஆவர்.

திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வீட்டுக்குப் பூட்டு வேண்டும். நாட்டுக்கு எல்லையும் வேண்டும். ஆனால், சாவியில்லாத பூட்டை எந்தக் கொல்லரும் செய்வதில்லை. திறக்க இயலாத பூட்டு காவலன்று, அது சுவரேயாகும். நாடுகளின் எல்லைகளுக்கு நல்லெண்ணமே சாவி. அச்சாவி தொலையுமானால், ஆயிரம் கற்களை நட்டாலும் வழி ஓரடியும் நீளாது.

மாலை வெயில் திண்டுக்கல் பாறைமேல் விழும் வேளையில், சரக்கு ஏற்றிய ஊர்திகள் வடக்கும் தெற்குமாக விரைகின்றன. சாலையோரத்துக் கல் அவற்றைப் பார்த்தபடி வாளா நிற்கின்றது. அதன்மேல் எழுதியிருப்பது மதுரையின் பெயரும் ஓர் எண்ணுமே. ஆனால், அறிந்து நோக்குவோர்க்கு அதன் பின்னே தருமபுரிக் காதக்கல்லின் குழிகளும், இஸ்தான்புல் படகுத்துறையும், கைபர் கணவாயும், தனுஷ்கோடியின் கடலும் தோன்றும். அக்கல் கொடுத்த வாக்கைக் காப்பது கல்லின் கடமையன்று. அதனைக் கடந்து செல்லும் மனிதரின் கடமையாகும்.